குரூப்பானா, லிவிங்சோஷியலா: வாடிக்கையாளரைப் பிடிக்கக் காசை எங்கே போட்டார்கள்?

பாதி விலைக்கு மசாஜ், பாதி விலைக்கு பீட்சா என்று தினம் ஒரு டீலை இமெயிலில் அனுப்பிய நிறுவனங்களில் 2011-ல் முன்னால் நின்றவை இரண்டு: சிகாகோவின் குரூப்பான், வாஷிங்டனின் லிவிங்சோஷியல். விற்றது ஏறக்குறைய ஒரே சரக்கு. வாடிக்கையாளரைப் பிடிக்கச் செலவழித்த விதத்தில்தான் இரண்டும் பிரிந்தன. இன்று நம் போனில் வந்து விழும் ரெஃபரல் போனஸ், கேஷ்பேக், முதல் ஆர்டர் தள்ளுபடி எல்லாவற்றுக்கும் பின்னால் இதே கணக்குதான் ஓடுகிறது. அதனால் பழைய கதைதானே என்று தள்ளிவிட முடியாது.

குரூப்பான்: இமெயில் முகவரிக்கு விலை

குரூப்பான் கூகுளிலும் ஃபேஸ்புக்கிலும் விளம்பரங்களைக் கொட்டியது. கிளிக் செய்தால் முதலில் வருவது, ஊரையும் இமெயிலையும் கேட்கும் ஒரு பக்கம். இமெயிலைக் கொடுத்தவர் சந்தாதாரர். மறுநாளிலிருந்து டீல் வரத் தொடங்கும். அவர் எதையாவது வாங்குகிறாரோ இல்லையோ, விளம்பரக் காசு அதற்கு முன்பே போய்விடும்.

2010-ல் மார்க்கெட்டிங்குக்கு மட்டும் சுமார் 26 கோடி டாலர். 2011-ன் முதல் மூன்று மாதங்களிலேயே 20 கோடியைத் தாண்டியது. பங்குச் சந்தைக்கு வருவதற்காக அந்த ஆண்டு ஜூனில் தாக்கல் செய்த ஆவணத்தில், இந்தச் செலவை நியாயப்படுத்த ஓர் உதாரணம் தந்தார்கள். 2010-ன் இரண்டாம் காலாண்டில் 1.8 கோடி டாலர் செலவழித்து 37 லட்சம் சந்தாதாரர்களைச் சேர்த்தோம்; 2011 மார்ச் முடிவதற்குள் அவர்களால் 6.17 கோடி டாலர் மொத்த லாபம் (சம்பளம், விளம்பரம் போன்ற செலவுகளைக் கழிப்பதற்கு முந்தைய லாபம்) வந்துவிட்டது என்றார்கள். அதாவது, போட்டதற்கு மூன்று மடங்குக்கு மேல்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது போட்டி இன்னும் சூடுபிடிக்காத காலத்துக் கணக்கு. அந்த மொத்த லாபத்திலிருந்துதான், கடை கடையாக டீல் பேசும் ஆயிரக்கணக்கான விற்பனை ஊழியர்களுக்கும் சம்பளம் போக வேண்டும்.

அதே ஆவணத்தில் இன்னொன்றும் செய்தார்கள். சந்தாதாரரைச் சேர்க்கும் இணைய விளம்பரச் செலவு, ஊழியர்களுக்குப் பங்காகக் கொடுத்த ஊதியம், நிறுவனங்களை வாங்கிய செலவு ஆகியவற்றை ஒதுக்கிவிட்டு ஒரு புது அளவுகோலை முன்வைத்தார்கள். 2010-ல் உண்மையான இயக்க நட்டம் 42 கோடி டாலர். புது அளவுகோலில் அது 6 கோடி டாலர் லாபமாகத் தெரிந்தது. சந்தாதாரரைச் சேர்ப்பது ஒருமுறைச் செலவு, பிறகு அவர் காலமெல்லாம் வாங்கிக்கொண்டிருப்பார் என்பது அவர்கள் வாதம். அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் கேள்வி கேட்டதும் அந்த அளவுகோலைக் கைவிட்டார்கள். ஆணையம் கேட்டது முழுக்கச் சரி என்பேன். தினம் வரும் டீல் மெயிலைத் திறக்காமலே அழிக்கத் தொடங்கியவரைக் காலத்துக்கும் பலன் தரும் சொத்தாகக் கணக்கில் எழுத முடியாது.

லிவிங்சோஷியல்: வாங்கியவர் வழியாக வாங்குபவர்

லிவிங்சோஷியலின் பேர்போன ஏற்பாடு 'மீ பிளஸ் த்ரீ'. ஒரு டீலை வாங்கியதும் உங்களுக்கு ஒரு லிங்க் வரும். அதன் வழியாக மூன்று பேர் அதே டீலை வாங்கினால் உங்களுடையது இலவசம்.

20 டாலர் கூப்பனை எடுத்துக்கொள்வோம். நால்வர் வாங்கினால் வசூல் 80 டாலர். நிறுவனத்தின் பங்கு நூற்றுக்கு 40 என்று வைத்தால் 32 டாலர். முதல் ஆளுக்கு 20 டாலரை விட்டுக்கொடுத்த பிறகும், கடைக்காரருக்குச் சேர வேண்டியதை முழுசாகக் கொடுத்துவிட்டு, 12 டாலர் கையில் நிற்கும். மூன்று பேரைப் பிடித்த செலவு ஆளுக்கு 7 டாலருக்கும் குறைவு. அந்த மூவரும் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியவர்கள்.

குரூப்பானில் ஒரு சந்தாதாரருக்கு ஆன செலவு, மேலே சொன்ன கணக்குப்படி, 5 டாலருக்குச் சற்றுக் குறைவு. பார்த்தால் மலிவு. ஆனால் 2011 மார்ச் இறுதியில் 8.31 கோடி சந்தாதாரர்கள் இருந்தபோது, அதுவரை ஒருமுறையாவது வாங்கியவர்கள் 1.58 கோடிதான், ஐந்தில் ஒருவர்கூட இல்லை. அந்த விகிதத்தைப் போட்டுப் பார்த்தால், உண்மையில் வாங்கும் ஒருவரைப் பிடிக்க 25 டாலர் அளவுக்கு ஆகிறது. இது தோராயக் கணக்கு. விளம்பரம் இல்லாமல் தானாக வந்தவர்களும் அதில் உண்டு. 'மீ பிளஸ் த்ரீ'யிலும் மூவரும் புதியவர்களாக இருக்க வேண்டியதில்லை. இருந்தாலும் வித்தியாசம் சின்னதல்ல.

லிவிங்சோஷியலின் இன்னொரு பாய்ச்சல் 2011 ஜனவரியில் வந்தது: 20 டாலர் அமேசான் கிஃப்ட் கார்டு 10 டாலருக்கு, ஆளுக்கு ஒன்று. 13 லட்சத்துக்கு மேல் விற்றது. கார்டுகளை முழு விலைக்கு வாங்கியிருந்தாலும் கையிலிருந்து போனது 1.3 கோடி டாலர் சொச்சம்; ஆளுக்கு 10 டாலர், ஒவ்வொருவரும் தன் கிரெடிட் கார்டு எண்ணைக் கொடுத்துப் பணம் கட்டியவர். அதற்கு முந்தைய மாதம்தான் அமேசான் அந்த நிறுவனத்தில் 17.5 கோடி டாலர் முதலீடு செய்திருந்தது.

டிவியும் வெங்காயமும்

2011 பிப்ரவரியில், அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் நாளில், இருவரும் டிவிக்குப் போனார்கள். குரூப்பானின் விளம்பரம் திபெத்தியர்களின் துயரத்தைச் சொல்லத் தொடங்கி, சட்டென்று சிகாகோ ஹோட்டல் ஒன்றில் கிடைக்கும் மலிவு விலை மீன் கறிக்குத் தாவியது. எதிர்ப்பு கிளம்பி, சில நாளில் திரும்பப் பெற்றார்கள். காசு கொடுத்து வாங்கிய கெட்ட பெயர் அது.

இதற்கு நேரெதிர், 2013 செப்டம்பரில் குரூப்பான் இந்தியா செய்தது. வெங்காய விலை எகிறிக் கிடந்த நேரத்தில் கிலோ 9 ரூபாய்க்கு, நாளுக்கு 3,000 கிலோ. கூட்டம் தாங்காமல் தளமே முடங்கியது. நாடு முழுக்கச் செய்தி. கிலோவுக்கு 70 ரூபாய் நட்டம் என்றாலும் நாளுக்கு இரண்டு லட்சம் சொச்சம்தான். அந்தக் காசுக்கு இவ்வளவு பேரிடம் போய்ச் சேரும் விளம்பரம் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் வெங்காயம் வாங்க வந்தவர் அடுத்த மாதம் ஸ்பா கூப்பன் வாங்குவாரா என்பது வேறு கேள்வி.

என் தீர்ப்பு

செலவின் தரத்தில் லிவிங்சோஷியலின் வழிதான் மேல். ஆனால் நண்பர் வட்டம் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஒரே மசாஜை நாலு பேருக்கு எத்தனை முறை அனுப்புவது? அந்த வேகம் போதாமல் அவர்களும் டிவி, இணைய விளம்பரம், நிறுவனங்களை வாங்குவது என்று குரூப்பான் வழியிலேயே ஓடினார்கள். 2011-ல் வருவாய் 24.5 கோடி டாலர், நட்டம் 55.8 கோடி. தன் பலத்தை விட்டுவிட்டு எதிராளியின் ஆட்டத்தை ஆடியதுதான் அவர்கள் செய்த பெரிய தவறு.

குரூப்பான் 2011-ல் மார்க்கெட்டிங்குக்கு 77 கோடி டாலர் செலவழித்தது, 2012-ல் அதை 34 கோடியாக வெட்டியது. வருவாய் 161 கோடியிலிருந்து 233 கோடிக்கு ஏறத்தான் செய்தது. ஆனால் அந்த ஏற்றத்தில் பாதிக்கு மேல் பொருட்களைத் தானே நேரடியாக விற்றதால் வந்தது. காசு கொடுத்துச் சேர்த்த பட்டியலில் கூப்பன் விற்று வந்ததல்ல. ஆனாலும் அந்தப் பட்டியலின் பருமனும் ஐபிஓவில், அதாவது முதன்முறை பங்கு விற்றபோது, திரட்டிய 70 கோடி டாலரும் அவர்களைத் தாக்குப்பிடிக்க வைத்தன. 2016-ல் லிவிங்சோஷியலைக் குரூப்பானே எடுத்துக்கொண்டது, அதற்குப் பணம் எதுவும் தராமலே.