45+ ஆண்களுக்கான செக்கப் பேக்கேஜ்: ரத்தம் எடுப்பதில் கெட்டி, பி.எஸ்.ஏ.வில் கோட்டை விட்டது

வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கிற ஒரு லேபில் 45 வயது தாண்டிய ஆண்களுக்கென்று விற்கும் பேக்கேஜ் எடுத்தேன். பெயர் வேண்டாம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். காலை ஆறரை என்றால் ஆறரைக்கே தம்பி வாசலில் நின்றார். ஊசியை என் கண் முன்னால் பிரித்தார், ஒரே குத்து, குழாயில் ஒட்டியிருந்த பெயரையும் வயதையும் என்னையே படித்துப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் ஐஸ் பெட்டிக்குள் வைத்தார். சாயங்காலமே வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட்.

அந்த ரிப்போர்ட்தான் பிரச்சினை. சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு எல்லாம் தாண்டிக் கடைசியில் பி.எஸ்.ஏ. 5.2 என்று சிவப்பு எழுத்தில், பக்கத்தில் '0 – 4' என்று அளவு, கீழே 'மருத்துவரை அணுகவும்'. அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் போன் செய்து, "சார், உங்க புராஸ்டேட் மார்க்கர் ஹையா இருக்கு, கேன்சர் ஸ்க்ரீனிங் பேக்கேஜ் இன்னிக்கு ஆஃபர்ல இருக்கு, புக் பண்ணட்டுமா?" என்றார். இதைக் கேட்ட பிறகு எவனுக்கு ராத்திரி சோறு இறங்கும்?

பி.எஸ்.ஏ. என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி உண்டாக்கும் ஒரு புரதம். அது ஏறினாலே புற்றுநோய் என்று இல்லை. வயதாக ஆக சுரப்பி பெருத்தாலும் ஏறும், சிறுநீர்த் தொற்று வந்தாலும் ஏறும், சுரப்பியில் அழற்சி இருந்தாலும் ஏறும், ஏன், ஓரிரு நாளுக்குள் தாம்பத்திய உறவு இருந்திருந்தால்கூடக் கொஞ்சம் ஏற்றிக் காட்டலாம். அந்த 4-ம் எல்லோருக்கும் பொதுவான கோடு இல்லை. நாற்பதுகளில் இருப்பவருக்கு 2.5, ஐம்பதுகளில் 3.5 என்று வயதை வைத்துப் பார்க்கும் டாக்டர்கள் உண்டு. 4-க்குக் கீழே இருந்தும் புற்றுநோய் இருப்பவர்களும் இருக்கிறார்கள். இதையெல்லாம்விட எனக்குக் கோபம் வந்த இடம், மாத்திரை. முடி கொட்டுகிறது என்றோ புராஸ்டேட் பெருத்ததற்கோ ஃபினாஸ்டரைடு என்ற மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிடுகிறவருக்கு இந்த எண் ஏறக்குறைய பாதியாகிவிடும். ரிப்போர்ட்டில் 2.5 என்று சமர்த்தாக நிற்கும், 5 என்று எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

புக்கிங்கின்போது வெறும் வயிறா, வெறும் வயிறா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள் (பி.எஸ்.ஏ.வுக்கு அது தேவையே இல்லை). என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், ஒன்றுக்குப் போகும்போது எரிகிறதா, அப்பா அண்ணன் தம்பிக்கு இந்த நோய் இருந்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை.

பிறகு நான் போய்ப் பார்த்த யூராலஜிஸ்ட் (சிறுநீர்ப் பாதை டாக்டர்) முதலில் கேட்டதே அதைத்தான். ரத்தம் கொடுப்பதற்கு முந்தின வாரம் எனக்கு நீர்க்கடுப்பு. ஆசனவாய் வழியாக விரலை விட்டுப் புராஸ்டேட்டைப் பரிசோதித்தார் (ஒரு நிமிஷம்கூட ஆகாது, கூச்சப்பட ஒன்றுமில்லை), யூரின் கல்ச்சர் (சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்ற டெஸ்ட்) பார்த்து ஆன்டிபயாடிக் கொடுத்தார், ஆறு முதல் எட்டு வாரம் கழித்து அதே லேபில் மறுபடி எடுக்கச் சொன்னார், லேபுக்கு லேப் கருவி மாறினால் எண்ணும் மாறுமாம். 2.9 வந்தது. குறையாமல் 4-க்கும் 10-க்கும் நடுவில் நின்றிருந்தால் ஃப்ரீ பி.எஸ்.ஏ. விகிதம் (மொத்த பி.எஸ்.ஏ.வில் வேறு புரதத்தோடு ஒட்டாமல் தனியாகத் திரிவது எத்தனை சதவீதம் என்பது) பார்ப்பார்களாம்: அது 25 சதவீதத்துக்கு மேல் என்றால் பயம் குறைவு, 10 சதவீதத்துக்குக் கீழே என்றால் கவனம் கூடுதலாக வேண்டும். அப்புறம் எம்ஆர்ஐ, அதில் சந்தேகம் இருந்தால்தான் பயாப்ஸி (ஊசியால் துளி சதை எடுத்துப் பார்ப்பது). ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து யாரும் ஊசியைத் தூக்குவதில்லை.

அதற்காக டெஸ்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆரம்பக்கட்டப் புராஸ்டேட் புற்றுநோய் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது, குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் 45-லேயே, சிலருக்கு அதற்கும் முன்பே, டாக்டரிடம் பேசிவிடுவது நல்லது.

சர்க்கரை, கொழுப்புக்கு இந்தப் பேக்கேஜ் தாராளமாக எடுக்கலாம். பி.எஸ்.ஏ.வை டாக்டரிடம் பேசிவிட்டுத் தனியாக எடுங்கள். புக்கிங் ஃபாரத்தில் மாத்திரை, நீர்க்கடுப்பு பற்றி இரண்டு கேள்வி சேருங்கள் என்று லேபுக்கு எழுதினேன். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று பதில் வந்தது, கூடவே ஒரு தள்ளுபடி கூப்பன்.