ஜூரோங் ஜப்பானியத் தோட்டம்: ஒரு மன்னார்குடிக்காரியின் பார்வையில்

சிங்கப்பூரில் மகள் வீட்டில் இரண்டு மாதம் இருந்துவிட்டு ஊர் திரும்பினால், எல்லோரும் கடைத்தெருவைப் பற்றியே கேட்கிறார்கள். எனக்குப் பிடித்ததோ ஜூரோங் ஏரியிலுள்ள ஜப்பானியத் தோட்டம். 1973-இல் திறந்தது, கின்சாகு நக்கானே என்ற ஜப்பானியப் பேராசிரியர் வடிவமைத்தது. சீரமைத்து 2024 செப்டம்பரில் மறுபடி திறந்திருக்கிறார்கள். டிக்கெட் கிடையாது. சைனீஸ் கார்டன் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தால் போதும்.

காலை ஏழு மணிக்கே போய்விட்டோம். ரயிலின் இரைச்சல் கொஞ்ச தூரத்திலேயே அடங்கிவிட்டது. ஒரு கல் விளக்கின் அருகே வெகுநேரம் நின்றேன். குடை கவிழ்த்தது போன்ற கூரை, அதன் விளிம்பில் பச்சைப் பாசி. விளக்கு மாடத்தில் விரலை வைத்துப் பார்த்தேன்; எண்ணெய்ப் பிசுக்கே இல்லை! கோயில் மாடங்களைத் தொட்டு வளர்ந்த கைக்கு அது என்னவோ போலிருந்தது.

அல்லிக் குளங்கள்தான் அழகு. இலை மேல் நின்ற ஒரு துளி நீர், தட்டான் வந்து உட்கார்ந்ததும் உருண்டு ஓடியது. "வாய்க்காலில் கிடக்கிற அல்லியைப் பார்க்கவா விமானம் ஏறி வந்தாய்?" என்றார் என் வீட்டுக்காரர். அவரே பிறகு அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

ஒன்பது மணிக்கு மேல் வெயில் சுடுகிறது, நிழலும் போதாது. குடையும் தண்ணீரும் கொண்டு போங்கள். வழியில் ஒரு கடையில் குடித்த காப்பியைப் பற்றி எழுதாமல் விடுகிறேன்.