பள்ளி முற்றத்தில் விளையாட்டுக் கோடு: எந்தப் பெயிண்ட் நிற்கும்?

பத்து நிமிட இடைவேளையில் ஒரே ஒரு சறுக்குமரம் இருந்தால், பாதி நேரம் வரிசையில் நிற்பதிலேயே போய்விடும். அதே முற்றத்தில் நான்கு பாண்டிக் கட்டமும் நீளமாக ஒரு வளைகோடும் வரைந்து வையுங்கள். மணி அடித்த நிமிடமே பிள்ளைகள் குதிக்கத் தொடங்கிவிடுவார்கள். 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடல் நன்றாக அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் ஒரு பங்கைத் தரையே வாங்கித் தரும், கோடு அழியாமல் இருந்தால்.

கதவுக்கு அடிக்கும் எனாமல் வேண்டவே வேண்டாம். சிமெண்டின் காரம் எண்ணெய்ப் பெயிண்டை அரித்து உரித்துவிடும். அதைவிட மோசம், ஈரம் பட்டால் வழுக்குவது. ஒற்றைக் காலில் நொண்டி வரும் பிள்ளைக்கு அது ஆபத்து.

உருக்கி ஊற்றும் தெர்மோபிளாஸ்டிக் தார்த் தரைக்கு அருமை. சிமெண்டுத் தரையில் அதற்கான பிரைமர் இல்லாவிட்டால் பாளம் பாளமாகப் பெயரும். பேவர் பிளாக்கில் கல் அசையும் இடமெல்லாம் வெடிக்கும். கருவியும் ஆளும் வரவழைக்கும் செலவு வேறு.

நம் பள்ளிகளின் சிமெண்டு முற்றத்துக்கு எங்கள் தேர்வு, குளோரினேட்டட் ரப்பர் கலந்த சாலைக்கோட்டுப் பெயிண்ட். சொரசொரப்பான தரையில் ஒரு லிட்டர் வாங்கினால், இரண்டு அங்குல அகலக் கோடு இரண்டு கோட்டிங்கோடு சுமார் 60 மீட்டர் வரும். வெள்ளையும் மஞ்சளும் போதும். கறுப்பு, அடர்நீலத்தை அகலமாகப் பூசினால் வெயிலில் வெறுங்கால் சுடும்.

பெயிண்ட் உரிந்தால் பெரும்பாலும் குற்றம் தரைத் தயாரிப்பில்தான். புதுத் தரையை 28 நாள் விட வேண்டும். மேலே படிந்த சிமெண்டுப் பாலையும் பாசியையும் கம்பி பிரஷால் தேய்த்து, கழுவி, காயவிடுங்கள். இரண்டடிச் சதுர பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரவு முழுக்க விட்டுப் பாருங்கள். காலையில் தாளின் அடியில் நீர்த்துளி இருந்தால் இன்னும் பூசக்கூடாது. பிறகு நூலடித்து, மாஸ்கிங் டேப் ஒட்டி முதல் கோட்டிங். அது ஈரமாக இருக்கும்போதே மெல்லிய சிலிக்கா மணலைத் தூவ வேண்டும். வழுக்காமல் பிடிப்பது அதுதான். காய்ந்ததும் உதிரி மணலைப் பெருக்கிவிட்டு இரண்டாவது கோட்டிங்.

தொடக்கப்பள்ளிக்குக் கட்டம் 15 அங்குலம் சரி. சுவரிலிருந்து ஆறடி தள்ளுங்கள், கடைசிக் கட்டத்தில் தாவித் திரும்ப இடம் வேண்டும். தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போகவே கூடாது. நடு மைதானத்தைப் பெரிய பையன்களின் கிரிக்கெட் பிடித்துக்கொள்ளும், அதனால் கோடுகளை ஓரங்களில் பரப்பினால் சின்னப் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் இடம் கிடைக்கும். வரைபடம், எழுத்துச் சக்கரம் பார்க்க அழகு; ஆனால் பிள்ளைகள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். பட்ஜெட் குறைவென்றால் பாண்டிக்கே முதலிடம்.

கூடவே ஒரு டப்பா ஓட்டுச் சில்லும் வையுங்கள், கூர் விளிம்பைக் கல்லில் தேய்த்து மழுக்கிய பிறகு.