பழைய லாரியில் ஸ்டியரிங் தட்டல்: எண்டு மாற்றுவதா, கிங் பின் போடுவதா?

காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் ஓடும் பழைய லாரிகளில் முன்பக்கம் 'டக் டக்' என்று தட்டினால், பட்டறையில் இரண்டு யோசனை சொல்வார்கள். ஸ்டியரிங் அசைவைச் சக்கரத்துக்குக் கடத்தும் டை ராட், டிராக் லிங்க் கம்பிகளின் முனை மூட்டுகளான எண்டுகளை மாற்று, அல்லது முன்சக்கரம் இடம் வலமாகத் திரும்பும் அச்சாணியான கிங் பின் செட் போடு.

எண்டு மாற்றுவது சின்ன வேலை, செலவும் குறைவு. அப்புறம் டோ-இன் (முன்சக்கரங்கள் முன்பக்கம் சற்று உள்நோக்கி இருக்கும் அளவு) சரிபார்த்தே ஆகவேண்டும், விட்டால் புது டயரும் ஒரு பக்கமாகத் தேயும். கிங் பின் அப்படியில்லை. சக்கரம், ஹப் எல்லாம் இறக்கி, இறுகிப்போன பின்னைத் தட்டி எடுத்து, பின் உட்காரும் புது புஷ்ஷுக்கு ரீமர் போட்டுத் துளையை அளவாக்க வேண்டும். கூலி நிச்சயம் அதிகம்.

எது தேவை என்பதை வண்டியே சொல்லும். சக்கரம் தரையில் இருக்க, ஒருவர் ஸ்டியரிங்கை இடம் வலமாக லேசாக ஆட்டட்டும். நீங்கள் ஒவ்வொரு எண்டிலும் கை வைத்துப் பாருங்கள். தட்டல் கையில் தெரிந்தால் எண்டுதான். அடுத்து ஆக்சிலை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். நின்றுவிட்டால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின்.

கிங் பின் ஆடும் வண்டிக்கு எண்டு மட்டும் மாற்றுவதை நான் ஒப்பமாட்டேன். தட்டல் அப்படியே இருக்கும், காசுதான் போகும். ஆட்டம் எண்டில் மட்டும் என்றால் கிங் பின்னைத் தொடவே வேண்டாம், அதன் நிப்பிளில் (கிரீஸ் ஏற்றும் சின்ன முனை) கிரீஸ் அடித்தால் போதும்.