காரைக்குடில எஸ்எல்கே-க்கு எத்தனால் ஃப்ளெக்ஸ் ஃப்யூவல் மாத்தினது: ஒர்க்ஷாப், கிட், டியூனிங் ரிவ்யூ

முதல்லயே முடிவ சொல்லிடுறேன். சூப்பர்சார்ஜர் (இன்ஜினுக்குள்ள காத்த அமுக்கி அனுப்புற பம்ப்) உள்ள கார நம்ம செட்டிநாட்டு வெயில்ல ஓட்டுறவங்க எத்தனாலுக்கு, அதாவது பெட்ரோலும் எத்தனாலும் எந்த அளவுல கலந்தாலும் ஓடுற ஃப்ளெக்ஸ் ஃப்யூவலுக்கு, மாத்தலாம், நல்லா இருக்கு, ஆனா பவருக்காக இல்ல, சூட்டுக்காக. வீடியோ போடுறவங்க எல்லாரும் எத்தன எச்பி ஏறுச்சுன்னு தான் பேசுறாங்க, என் கார்ல நான் பாத்த வித்தியாசம் என்னன்னா சித்திரை மாசம் மத்தியானம் ரெண்டு மணிக்கு குன்றக்குடி ரோட்டுல போனாலும் விடிகாலைல இழுக்கிற மாதிரியே இழுக்குது, அது ஒண்ணுக்கே போட்ட காசு தகும்.

கார் மெர்சிடிஸ் எஸ்எல்கே 200 கொம்ப்ரஸர், ஆர்171 மாடல், மாமா சென்னைல வச்சிருந்து எங்கிட்ட குடுத்தாக. 1796 சிசி, எம்271 இன்ஜின், பெல்ட்ல சுத்துற ரூட்ஸ் டைப் சூப்பர்சார்ஜர், கம்பெனில இருந்து வரும்போது 163 எச்பி. இந்த ரூட்ஸ் டைப் எப்பவுமே காத்த நல்லா சூடாக்கி தான் அனுப்பும், அதுக்கு ஒரு இன்டர்கூலர் இருக்கு, ஆனா அதுவும் வெளிக்காத்துல தான குளிரணும், வெளில 39, 40 டிகிரி அடிக்கும்போது அது என்னத்த குளிர வைக்கும். சூடான காத்துல எரிபொருள் நேரங்கெட்டு தானா வெடிக்கிறது தான் நாக்கிங், அந்த சத்தம் சென்சார்ல பட்ட உடனே ஈசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்) இக்னிஷன் டைமிங்க, அதாவது ஸ்பார்க் அடிக்கிற நேரத்த, பின்னாடி இழுத்துரும், கார் சோம்பேறி ஆயிரும். இங்க சூப்பர்சார்ஜ்டு கார் வச்சிருக்கவங்க பல பேர் இன்ஜின் வீக்காயிருச்சுன்னு நினைக்கிறது இதத்தான்.

எத்தனால் இதுல என்ன செய்யுதுன்னா, அதோட ஆக்டேன் (நாக்கிங் வராம தாங்குற அளவு) 108 கிட்ட வரும், அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அது ஆவியாகும்போது பெட்ரோல விட ரெண்டு மடங்குக்கு மேல சூட்ட உறிஞ்சும். அதுக்கும் மேல, ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காத்து வேணும்னா எத்தனாலுக்கு 9 கிலோ போதும், அப்படின்னா அதே காத்துக்கு எரிபொருள் கூட ஊத்தணும், ஊத்த ஊத்த குளிர்ச்சியும் கூடுது. ஸ்வீடன்ல சூப்பர்கார் பண்ற கோனிக்செக் கம்பெனி 2007-ல சிசிஎக்ஸ்ஆர்னு ஒரு கார் விட்டாங்க, ரெண்டு சூப்பர்சார்ஜர் வச்ச வி8, பெட்ரோல்ல ஓடுற சிசிஎக்ஸ் 806 எச்பி, எத்தனால்ல ஓடுற இது 1018. நம்ம காருக்கும் அதுக்கும் ஏணி வச்சாலும் எட்டாது, ஆனா அங்க வேலை செஞ்ச சங்கதி தான் இங்கயும் வேலை செய்யுது.

ஒண்ணு கவனிங்க, இந்த குளிர்ச்சிய இன்டேக் டெம்பரேச்சர் ரீடிங்ல தேடாதீங்க. எரிபொருள பீச்சுற இன்ஜெக்டர் சூப்பர்சார்ஜருக்கும் இன்டர்கூலருக்கும் அப்புறம், வால்வு கிட்ட இருக்கு, அதனால சென்சார் அதே பழைய சூட்டத்தான் காட்டும். ஸ்கேனர்ல பாக்க வேண்டியது டைமிங் ரிட்டார்ட், அதாவது ஈசியு டைமிங்க எவ்வளவு பின்னாடி இழுக்குதுங்கிறது. என் கார்ல பெட்ரோல் மட்டும் இருந்தப்ப மத்தியானத்துல நாலு சிலிண்டர்லயும் ரிட்டார்ட் வந்துக்கிட்டே இருக்கும், இப்ப ஏறக்குறைய சுத்தமா இல்ல.

இனி வேலை செஞ்ச ஒர்க்ஷாப். காரைக்குடிக்குள்ளயே இருக்கிற சின்ன இடம் தான், போர்டு கூட பெருசா இருக்காது, ஆனா அண்ணன் வேலைய அவசரப்படாம பாக்குறாரு. நான் கேட்டது எத்தனால், அவர் முதல்ல தொட்டது டைமிங் செயின், இன்ஜின் வால்வுகள நேரத்துக்கு திறந்து மூட வைக்கிற சங்கிலி. எம்271-ல செயின் நீள்றதும் கேம் ஸ்ப்ராக்கெட் பல்லு தேயுறதும் தெரிஞ்ச பிரச்சினை. "இத பாக்காம டியூன் பண்ணா இன்ஜின் போயிரும்ணே, நான் கை வைக்க மாட்டேன்"னு நேரா சொல்லிட்டாரு. இந்த ஒரு பேச்சுக்காகவே அவர்ட்ட குடுத்தேன். அப்புறம் ரப்பர் ஹோஸ் எல்லாத்தையும் கழட்டி உள்ள டெஃப்லான் பூசின ஹோஸ் போட்டாரு, டேங்க்குக்குள்ள எத்தனாலுக்கு ஏத்த பம்ப், பெரிய இன்ஜெக்டர் நாலும் ஒரே ஃப்ளோ வர்ற மாதிரி டெஸ்ட் பண்ணி மேட்ச் பண்ணது, ஒரு படி குளிரான ஸ்பார்க் ப்ளக். ஃப்யூவல் ஃபில்டர் மட்டும் ரெண்டு வாட்டி மாத்தணும்னு முன்னாடியே சொல்லிட்டாரு, ஏன்னா எத்தனால் டேங்க்ல வருஷக்கணக்கா படிஞ்ச அழுக்க எல்லாம் கரைச்சு கொண்டாந்து ஃபில்டர்ல அடைக்கும். சொன்ன மாதிரியே முதல் ஃபில்டர் கன்னங்கரேல்னு வந்துச்சு.

அரிப்பு பத்தி ரொம்ப பேர் பயப்படுறாங்க. பயம் நியாயம் தான், எத்தனால் காத்துல இருக்கிற ஈரத்த இழுக்கும், ஈரம் சேந்தா அலுமினியம், துத்தநாகம் பூசின பார்ட்ஸ் எல்லாம் அரிக்கும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் குடுத்ததுல உருவாகி 1953-ல திறந்த சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) நம்ம ஊர்ல தான் இருக்கு, அரிமானத்த பத்தியும் அங்க ஆராய்ச்சி பண்றாங்க. அந்த ஊர்ல இருந்துக்கிட்டு எந்த உலோகம்னு கேக்காம கண்ட ஃபிட்டிங்க மாட்டிக்கிட்டு வந்தா நல்லாவா இருக்கும். ஒவ்வொரு பார்ட்டும் எத்தனாலுக்கு ஏத்ததான்னு கேட்டு வாங்குங்க.

கிட் விஷயத்துல தான் எனக்கு கோபம். ஆன்லைன்ல ஒரு ஆள்ட்ட வாங்கினது, பேர் வேண்டாம். கிட்னா ஒரு எத்தனால் சென்சார், சிக்னல படிச்சு இன்ஜெக்டர் திறந்திருக்கிற நேரத்த கூட்டுற ஒரு பாக்ஸ், வயரிங், அவ்வளவுதான். சென்சார் கணக்கு ரொம்ப சிம்பிள், எத்தனால் இல்லன்னா 50 ஹெர்ட்ஸ், முழுசும் எத்தனால்னா 150. நம்ம பங்க்ல இப்ப ஊத்துறது ஈ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அப்ப 70 கிட்ட காட்டணும். வந்த சென்சார் 90-அ விட்டு கீழயே இறங்கல. பங்க்ல ஏமாத்துறாங்களோன்னு பாக்க மெஷரிங் சிலிண்டர்ல 90 மில்லி பெட்ரோலும் 10 மில்லி தண்ணியும் ஊத்தி குலுக்கி வச்சோம், எத்தனால் பூரா தண்ணியோட சேந்து அடிக்கு வந்துரும், ஈ20-க்கு அடில 28 மில்லி கிட்ட நிக்கணும், சரியா அங்க தான் நின்னுச்சு. பெட்ரோல் சரி, சென்சார் டூப்ளிகேட். திருப்பி அனுப்பினதுக்கு பதிலே இல்ல. தனியா கான்டினென்டல் சென்சார் ஒண்ணு வாங்கி மாட்டினதுக்கப்புறம் தான் ரீடிங் ஒழுங்கா வந்துச்சு. டூப்ளிகேட்ட நம்பி டியூன் பண்ணிருந்தா இல்லாத எத்தனாலுக்கு பெட்ரோல கொட்டிக்கிட்டு இருந்திருக்கும், புகைய சுத்தம் பண்ற கேட்டலிஸ்ட் வெந்து போயிருக்கும். கிட் வாங்குறவங்க இந்த தண்ணி டெஸ்ட்ட செஞ்சு பாத்துட்டு மாட்டுங்க.

டியூனிங் கோயம்புத்தூர்ல, டைனோ (கார ஓட விட்டு பவர அளக்குற மெஷின்) மேல வச்சு. அங்க டியூனர் சொன்னது எனக்கு பிடிச்சிருந்துச்சு, பாக்ஸ வச்சு இன்ஜெக்டர மட்டும் கூட்டுறது பாதி வேலை, ஈசியு-லயே டைமிங் மேப்ப எத்தனால் சதவீதத்துக்கு தக்க மாத்தணும், அப்ப தான் பலன். அப்படியே பண்ணிக் குடுத்தாங்க. சூப்பர்சார்ஜர சுத்துற பெல்ட்டுக்கு சின்ன புல்லி போட்டு பூஸ்ட்ட (காத்தழுத்தத்த) ஏத்துங்கன்னு கூட இருந்தவங்க எல்லாம் சொன்னாங்க, நான் வேண்டாம்னுட்டேன். புல்லிய சின்னதாக்கினா சூப்பர்சார்ஜர் இன்னும் வேகமா சுத்தி இன்னும் சூடாகும், எதுக்காக இவ்வளவு செலவு பண்ணோமோ அதையே திருப்பி விட்ட மாதிரி ஆயிரும்.

எத்தனால் எங்க கிடைக்கும்னு தான் எல்லாரும் கேப்பீங்க. 2024 மார்ச்ல இந்தியன் ஆயில் எத்தனால் 100-னு ஒண்ண அஞ்சு மாநிலத்துல 183 பங்க்ல விட்டாங்க, தமிழ்நாடும் அதுல உண்டு, காரைக்குடில இல்ல. நான் வெளியூர் போற இடத்துல நிரப்பிக்கிறேன். பேர் 100-னாலும் அதுல எத்தனால் 93 சதவீதம் சொச்சம் தான், மீதி பெட்ரோலும் கொஞ்சம் கூட்டுப்பொருளும். அதனால பாதி டேங்க் ஈ20, பாதி டேங்க் அதுன்னா சென்சார் கணக்குல எத்தனால் 56, 57 சதவீதம் வரும், 60 வரலையேன்னு குழம்பாதீங்க. என் காருக்கு இந்த 55, 60 சதவீதம் தான் அருமையான இடம், இதுக்கு மேல போனா மைலேஜ் தான் குறையுது. லிட்டருக்கு லிட்டர் எத்தனால்ல இருக்கிற சக்தி பெட்ரோல்ல மூணுல ரெண்டு பங்கு தான், அதனால 10 குடுத்த கார் இப்ப எட்டரை. சிவகங்கை பக்கம் படமாத்தூர்ல, பள்ளத்தூர் முருகப்பா குடும்பத்து பாரி கம்பெனிக்கு டிஸ்டிலரியே இருக்கு, கரும்பும் நம்ம ஜில்லாவுல விளையுது, ஆனா நம்ம ஊர் பங்க்ல மட்டும் அந்த பம்ப் இல்லங்கிறது எனக்கு உண்மையிலேயே மனவருத்தம்.

அதுக்காக கேன்ல வாங்கி வீட்ல அடுக்கி வைக்கிற வேலை வேண்டவே வேண்டாம். சட்டப்படியும் சிக்கல், பகல்ல எத்தனால் தீ கண்ணுக்கு சரியா தெரியவும் தெரியாது, நம்ம வீடுகள்ல தலைக்கு மேல பூரா பர்மா தேக்கு.

சட்டம்னதும் இன்னொண்ணு. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி எரிபொருள மாத்துற மாதிரி கிட் போட்டா அது அங்கீகாரம் உள்ளதா இருக்கணும், ஆர்சி-லயும் ஏறணும். ஆன்லைன்ல விக்கிற கிட்டுக்கு அப்படி எதுவும் இல்ல. என் கார இப்ப பெரும்பாலும் கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையத்துல இருக்கிற கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்குக்கு தான் வச்சிருக்கேன், பழைய இன்ஜெக்டரும் ஒரிஜினல் ஈசியு ஃபைலும் பத்திரமா இருக்கு. தினசரி ரோட்ல ஓட்டுற காருன்னா முதல்ல ஆர்டிஓ-வுலயும் இன்சூரன்ஸ்லயும் எழுதிக் கேளுங்க.

செலவு எல்லாம் சேத்து ஒன்றரை லட்சம் தாண்டிருச்சு, டைமிங் செயின் வேலை தனி. பாதிக்கு மேல இன்ஜெக்டரும் டியூனிங்கும். ஒர்க்ஷாப் அண்ணன் கேட்ட கூலி செஞ்ச வேலைக்கு குறைச்சல்னே சொல்வேன்.

குளிர் ஊர்க்காரங்க காலைல ஸ்டார்ட் ஆகலன்னு புலம்புற பிரச்சினை நமக்கு கிடையாது, மார்கழி விடியக்காலைலயும் முதல் செல்ஃப்லயே பிடிச்சுக்குது. நமக்கு பாக்க வேண்டியது ஐப்பசி, கார்த்திகை மழை தான். கார வாரக்கணக்குல நிறுத்துறதா இருந்தா டேங்க்க ரொப்பி வைங்க, காலியிடம் இருந்தா ஈரக்காத்து உள்ள போகும். இன்ஜின் ஆயிலும் முன்ன மாத்தின கிலோமீட்டர்ல பாதிக்கே மாத்திடுங்க.