ஃபேமிலிசர்ச்: இலவசம்தான், ஆனால் 1870-க்கு முன்னால் தனியாக மெனக்கெடணும்

ஃபேமிலிசர்ச் என்பது பழைய பதிவேடுகளில் முன்னோர்களைத் தேடும் வெப்சைட். வேலூர் பக்கத்து ஆள் தன் சொந்தப் பூர்வீகத்தைத் தேட இங்கே போனால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் போனது மருமகளுக்காக. அவள் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் வில்காக்ஸ் கவுண்டியில் ஒரு பருத்திக்காட்டு கிராமத்துக் கறுப்பினக் குடும்பத்துப் பெண். கல்யாணப் பத்திரிகையில் தாத்தா, கொள்ளுத்தாத்தா பெயரெல்லாம் போட வேண்டும் என்று நம் வழக்கப்படி கேட்டோம், அதற்கு மேல் அவர்கள் வீட்டிலேயே யாருக்கும் தெரியவில்லை. பையனுக்கு நேரமில்லை, நான் ரிட்டயர்டு, சரி நாமே பார்ப்போம் என்று காட்பாடியில் உட்கார்ந்தபடியே தேட ஆரம்பித்தேன்.

காசு கிடையாது, அக்கவுண்ட் ஒன்று திறந்தால் போதும். நடத்துவது யூட்டாவில் இருக்கும் மார்மன் சபை. 1938-லிருந்து ஊர் ஊராகப் பதிவேடுகளை மைக்ரோஃபிலிம் எடுத்து வைத்தவர்கள். "மதம் மாத்திடுவாங்களா?" என்று எங்கள் வீட்டம்மா கேட்டார், பயன்படுத்துவதற்குச் சபையில் சேர வேண்டியதில்லை. ஆனால் செத்துப்போன முன்னோருக்காக ஞானஸ்நானம் எடுக்கும் வழக்கம் அவர்களுக்கு உண்டு, அது பிடிக்காதவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

1900, 1910 மக்கள்தொகைக் கணக்கு வரை தேடுவது சுலபம். 1890 கணக்கு 1921-ல் நடந்த தீ விபத்தில் பெரும்பாலும் போய்விட்டது, அதனால் 1880-க்குத் தாவ வேண்டும், அப்புறம் 1870. அங்கே மருமகளின் எள்ளுத்தாத்தா கிடைத்தார்: வயது 30, விவசாயக் கூலி, மனைவி, நாலு பிள்ளைகள், எழுதப் படிக்கத் தெரியாது. அதற்கு முன்னால் 1860-ல் போய்ப் பார்த்தால் அடிமைகளுக்குத் தனிப் பட்டியல், அதில் முதலாளி பெயர் மட்டும்தான் இருக்கும். கீழே வரிசையாக வயது, ஆணா பெண்ணா, கறுப்பா கலப்பா, அவ்வளவுதான். இருபது வயது ஆண் என்று வரிக்கு வரி வருகிறது, இதில் நம்ம ஆள் யார் என்று எப்படிச் சொல்வது? எனக்குக் கொஞ்சம் நேரம் திரையையே பார்க்கப் பிடிக்கவில்லை.

இந்த இடத்தில்தான் இந்த சைட் நிஜமாகவே உதவுகிறது. அடிமைத்தனத்திலிருந்து விடுதலையானவர்களுக்காக 1865-ல் அமெரிக்க அரசு அமைத்த ஃப்ரீட்மென்ஸ் பீரோவின் பதிவேடுகள், அதாவது கூலி ஒப்பந்தம், ரேஷன், கல்யாணப் பதிவு எல்லாம், தன்னார்வலர்கள் 2015-16-ல் உட்கார்ந்து பெயர் பெயராக ஏற்றியவை, சுமார் 18 லட்சம் பெயர்கள். அவர்களுக்காகவே நடந்து 1874-ல் மூடப்பட்ட ஃப்ரீட்மேன்ஸ் வங்கியின் கணக்குப் புத்தகங்கள் இன்னும் உருப்படியானவை, ஏனென்றால் கணக்கு தொடங்கியவரிடம் பிறந்த ஊர், அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள் என்று எல்லாம் கேட்டு எழுதியிருக்கிறார்கள், சிலதில் பழைய எஜமானர் பெயரும் உண்டு. 2024-ல் கையெழுத்தையே படித்துத் தேடும் வசதி வந்திருக்கிறது. அதில் பழைய உயில்கள், நிலப் பத்திரங்கள் வருகின்றன. மாடு, வண்டி, கட்டில் விலையோடு ஆட்களின் பெயரும் விலையும் எழுதியிருக்கும் சொத்துப் பட்டியல்களில்தான் சில குடும்பங்களுக்கு 1870-ஐத் தாண்ட வழியே கிடைக்கிறது.

ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்தது, குடும்பத்துப் போட்டோ, ஆடியோ எல்லாம் நாமே ஏற்றிவைக்கும் 'மெமரீஸ்' பகுதி. நமக்குக் காலை என்றால் அவர்களுக்கு முந்தின நாள் சாயந்திரம், அந்த நேரத்தில் மருமகளின் பாட்டியை பேச வைத்து ஆடியோவாகவே ஏற்றிவிட்டோம். எந்தச் சித்தி யாருக்கு வளர்ப்புப் பிள்ளை, எந்த நிலம் பத்திரமில்லாமல் கைவிட்டுப் போனது, இதெல்லாம் எந்த அரசுக் காகிதத்திலும் இல்லை. அப்புறம் அந்தம்மா ஒரு டிரங்குப் பெட்டி நிறைய வைத்திருந்த சாவுப் பத்திரிகைகள். நம்ம காரியப் பத்திரிகை மாதிரிதான், ஆனால் பல பக்கம்: முகப்பில் போட்டோ, உள்ளே பிறந்த தேதி, பெற்றோர், எந்தச் சர்ச்சில் எப்போது சேர்ந்தார், சவப்பெட்டி தூக்கியவர்கள் யார் யார் என்பது வரை அச்சில் இருக்கும். ஜார்ஜியாவின் டிஜிட்டல் நூலகம் இவற்றையே தனித் தொகுப்பாகச் சேர்த்து வைத்திருக்கிறது.

குறை உண்டு. குடும்ப மரம் எல்லோருக்கும் பொது, இறந்தவர்களின் விவரத்தை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். 'இவர் உங்கள் உறவாக இருக்கலாம்' என்று சைட் தானாகக் காட்டும் ஹின்ட்டை நம்பி ஒரே பெயர்க்காரரை உறவாக்கிவிடுவது ரொம்ப சுலபம், அதிலும் விடுதலையான பிறகு எல்லோரும் கடைசி எஜமானர் பெயரையே வைத்துக்கொண்டார்கள் என்று நினைத்தால் தப்பாகிவிடும். சில படங்கள் அவர்களது மையத்திலோ இணைந்த நூலகத்திலோ போய்தான் பார்க்க முடியும்.

வட ஆற்காட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் வீட்டில் யாராவது தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கூலியாகக் கப்பலேறியிருந்தால் (1860-லிருந்து 1911 வரை), இங்கே தேட வேண்டாம், நேட்டால் கப்பல் பட்டியலைப் பாருங்கள். அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம் எல்லாம் எழுதியிருப்பார்கள். எங்களுக்கு யாரும் போகவில்லை, அதனால் என் தாத்தாவின் அப்பா எந்தப் பட்டியலிலும் இல்லை.

ஐந்துக்கு நாலு ஸ்டார். குறைத்த ஒன்று அந்தப் பொது மரத்துக்காக. ஆடியோவும் ஸ்கேனும் ஏற்றினால் ஒரு காப்பி உங்கள் ஹார்டு டிஸ்க்கிலும் வையுங்கள், நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.