கேசட்டிலிருந்து பென்டிரைவுக்கு: மாலேயில் ஒரு சின்னக் கடை

மாலத்தீவின் தலைநகர் மாலேயில் 11 வருடமாகக் கணக்கு டீச்சர் வேலை. வந்த புதிதில் எனக்கு இந்த ஊர் மொழியான திவேஹியைப் பழக்கியது பின்னணிப் பாடகி ஃபாத்திமத் ஸூனாவின் குரல்தான். திவேஹி படப் பாட்டுகளில் இந்தி மெட்டுகள் ஏராளம். மெட்டு காதுக்குப் பழகியிருந்ததால் சொற்கள் தானாக மனதில் ஒட்டிக்கொண்டன.

வீட்டுக்கார அம்மா ஸூனா பாட்டுகள் உள்ள தன் 4 பழைய கேசட்டுகளைக் கொடுத்தார். கடல் காற்றில் டேப் முழுக்கப் பூஞ்சை. மஜீதி மகு சாலையை ஒட்டிய சந்தில் இதைச் சரிசெய்து பென்டிரைவில் ஏற்றித் தரும் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் அவசரப்படவே இல்லை. ஒரு கேசட்டில் டேப்பை அழுத்தும் பஞ்சுத் துண்டு விழுந்திருந்தது. வேறொன்றிலிருந்து எடுத்து இடுக்கியால் ஒட்டினார். அப்புறம் பிளேயரில் டேப்பைப் படிக்கும் ஹெட் பக்கத்துத் திருகை முடியளவு திருப்பினார். மூடாக்குப் போட்டது போலிருந்த குரல் பளிச்சென்று திறந்தது. வரிக்கு முன் ஸூனா மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

குறையும் உண்டு. பாட்டுகளைத் தனித்தனியாக வெட்டவில்லை, ஒரு பக்கம் முழுக்க ஒரே கோப்பு. கேட்டதும், "சரி பேபே (அண்ணா), வெட்டித் தருகிறேன்" என்றார். அதற்கு இன்னும் 2 நாள் ஆனது. கேசட்டுக்கு 60 ருஃபியா. தாராளமாகக் கொடுக்கலாம். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்த பிறகே திறப்பார், பார்த்துப் போங்கள்.